உங்கள் கல்லூரி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டமளிப்பு விழாப் படங்கள் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் நான் சிலரைத் தேடிப் பார்ப்பேன். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் அப்பா அம்மா, மேடையில் துணைவேந்தரும் சிறப்பு விருந்தினரும். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வருடம் வகுப்பெடுத்தவர்கள் பெரும்பாலும் படத்தில் இருக்க மாட்டார்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையைச் சரிசெய்துகொண்டு, யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் எங்கேயாவது நின்றிருப்பார்கள். விழா முடிந்ததும் பிள்ளைகள் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். போகிற அவசரத்தில் "வர்றேன் சார்", "தேங்க்ஸ் மேடம்" என்று ஒரு வார்த்தை. பலருக்கு அதற்கும் நேரம் இருக்காது.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த யாரிடமாவது "உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் வரும், அப்புறம் அரை மணி நேரத்துக்குப் பேச்சை நிறுத்த முடியாது. அவ்வளவு நன்றி மனதில் கிடக்கிறது. "சரி, இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். நண்பர்களிடம் சொல்கிறோம், பிள்ளைகளிடம் சொல்கிறோம், வேலைக்கான நேர்காணலில்கூடச் சொல்கிறோம். யாருக்கு அது போய்ச் சேர வேண்டுமோ அவருக்கு மட்டும் போய்ச் சேருவதே இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் உங்கள் வாசகர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. ஆசிரியர் தினம் என்றாலே பள்ளிக்கூடமும் குழந்தைகள் கையால் செய்த வாழ்த்து அட்டையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. இத்தனைக்கும் 1962 முதல் இந்தியாவில் செப்டம்பர் 5ஆம் தேதி யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1921இல் அவர் மைசூரை விட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மலர்களால் அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்து மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். கல்லூரி மாணவர்கள் ஓர் ஆசிரியருக்குக் கொடுத்த வழியனுப்பு அது. உலக அளவில் கொண்டாடும் அக்டோபர் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் அதே தேதியில் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றிய ஒரு பரிந்துரையைக் கொண்டுவந்தன, அதன் நினைவாகத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினம். அந்தப் பரிந்துரை பேசுவது பள்ளி ஆசிரியர்களைப் பற்றி. உயர்கல்வியில் கற்பிப்பவர்களுக்கென்று யுனெஸ்கோ தனியாக ஒன்றைக் கொண்டுவர 1997 வரை ஆயிற்று, அதாவது இடையில் 31 வருடங்கள். கல்லூரி ஆசிரியர் எப்போதுமே இரண்டாவதாகத்தான் ஞாபகத்துக்கு வருகிறார் போலிருக்கிறது.

இதற்கு வயதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏழு வயதுக் குழந்தை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு "எனக்கு உங்களைப் பிடிக்கும்" என்று சொல்லிவிடும். இருபது வயதில் அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் காக்காய் பிடிக்கிறான் என்பான். அதோடு, அந்த வயதில் நமக்கு யார் என்ன செய்தார்கள் என்பது முழுதாகப் புரிவதும் இல்லை. கடுமையாகத் திருத்திய ஆசிரியர் அப்போது எரிச்சலூட்டுகிறார், வேலைக்குப் போய், நாம் எழுதிய ஒன்றை இன்னொருவர் நம்பி முடிவெடுக்கிற நிலை வந்த பிறகுதான் அவர் செய்தது என்ன என்று தெரிகிறது. தெரியும்போது நாம் வேறு இடத்தில், வேறு வேலையில் இருக்கிறோம். "இத்தனை வருடம் கழித்து அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமா, திடீரென்று எழுதினால் என்ன நினைப்பார்?" என்ற தயக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தத் தயக்கம் வீண் என்று சொல்ல ஆதாரமே இருக்கிறது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் வாழ்க்கையில் நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்களுக்கு ஆச்சரியமும் மகிழ்ச்சியும் அதிகம். சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்குப் பெற்றவர்களுக்குச் சங்கடமே இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. எழுதியவர்கள் சரியான வார்த்தை கிடைக்குமா, நன்றாக எழுதியிருக்கிறோமா என்றே கவலைப்பட்டார்கள், பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள். ஆக, "எனக்கு எழுத வராது" என்பதும் காரணம் ஆகாது. இதற்கு முன்பே, 2005இல், மார்ட்டின் செலிக்மனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கொடுத்தவர்களின் மன மகிழ்ச்சி கூடியது ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் தெரிந்தது. நன்றி சொன்னால் சொல்கிறவருக்கும் நல்லதுதான்.

என் ஆசிரியர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் அதை விரும்ப மாட்டார். இறுதியாண்டு ஆய்வறிக்கையின் முதல் வரைவை அவரிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது ஓரம் முழுக்கப் பென்சிலில் பொடி எழுத்து. பெரும்பாலான இடங்களில் ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?" நான் உறுதியாக எழுதிவிட்டு ஆதாரம் காட்டாத ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது இருந்தது, ஆதாரம் காட்டிய இடங்களில் ஒரு சின்ன டிக். நடுவில் ஒரு அட்டவணை. அதன் ஓரத்தில் என்னுடைய எண்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கோடு போட்டு, கையாலேயே கூட்டிப் பார்த்திருந்தார். விடை சரியாக வந்திருந்தது, அதற்கும் ஒரு டிக். அந்தக் கூட்டலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை நான் எழுதிய எதையும் யாரும் அப்படிப் படித்தது கிடையாது. மதிப்பெண் போடுவதற்காகப் புரட்டியிருக்கிறார்கள், பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் இதில் இருக்கும் எண் சரியா என்று உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒருவர் என் வேலையைப் பொருட்படுத்தியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு அலுவலகத்தில் யாருடைய அறிக்கை என் மேசைக்கு வந்தாலும் நான் பென்சிலைத்தான் எடுக்கிறேன்.

அதே துறையில் ஒரு மேடம் இருந்தார். வகுப்பில் யாராவது கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியலைப்பா, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்பார். மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அதற்குத்தான். கேட்டவர் அன்றைக்கு வரவில்லை என்றால் அடுத்த வகுப்பு வரை வைத்திருந்து சொல்வார். தெரியவில்லை என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை, சொல்லிவிட்டுத் தேடாமல் இருப்பதுதான் தப்பு என்பதை அவர் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. நாங்கள் எல்லோருமே அதைக் கற்றுக்கொண்டோம்.

ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித மேதையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1939இல் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது வகுப்புக்குத் தாமதமாக வந்தார், கரும்பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று நினைத்து எழுதிக்கொண்டு போனார், சில நாட்களில் போட்டும் கொடுத்துவிட்டார், அவை புள்ளியியலில் அதுவரை யாராலும் நிறுவ முடியாமல் இருந்தவை என்று பிறகுதான் தெரிந்தது. மாணவனின் திறமைக்காக எல்லோரும் சொல்லும் கதை இது. நான் இதில் ஆசிரியரைப் பார்க்கிறேன். யெர்சி நெய்மன் அந்தத் தாள்களை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடவில்லை. சுமார் ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் டான்ட்சிக்கின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் தாள்கள். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னுரையும் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார், அதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். பிறகு ஆய்வேட்டுக்குத் தலைப்பு என்ன எடுப்பது என்று மாணவர் கவலைப்பட்டபோது, அந்த இரண்டு கணக்குகளையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடு, ஆய்வேடாக ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மாணவன் செய்த வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தோஷம் தாங்காமல் ஓடிவரும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் போதும், படிப்பின் மீதி வருடங்களை எப்படியும் ஓட்டிவிடலாம்.

பாடம் தவிரவும் ஆசிரியர்கள் செய்வது நிறைய. இந்தப் பக்கம் இன்னும் குறைவாகத்தான் வெளியில் தெரிகிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுச் சூழல் காரணமாகப் படிப்பை நிறுத்திவிடுவதாக இருந்தாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வருகைப் பதிவில் தொடர்ந்து விடுபட்டிருப்பதைப் பார்த்து ஓர் ஆசிரியர்தான் கூப்பிட்டுப் பேசினார். உதவித்தொகைப் படிவத்தை அவளோடு உட்கார்ந்து நிரப்பினார், எந்தச் சான்றிதழ் இல்லை என்று பார்த்தார், கடைசித் தேதியன்று அலுவலகச் சன்னலில் அவளோடு வரிசையில் நின்றார். உள்ளே இருப்பவர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் அவள் திரும்பி வர மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டம் வாங்கி வெகுநாள் கழித்து அவளே சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். அந்த ஆசிரியருடைய பணிப்பதிவேட்டில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. இத்தனை கட்டுரை வெளியிட்டார், இத்தனை கருத்தரங்குக்குப் போனார் என்பது மட்டும்தான் அதில் ஏறும்.

இந்தக் கட்டமில்லாத வேலைதான் வாழ்க்கை முழுக்கக் கூட வருகிறது என்று நான் மட்டும் சொல்லவில்லை. 2014இல் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. படிப்பில் ஆர்வத்தைத் தூண்டிய பேராசிரியர் ஒருவராவது இருந்தாரா என்ற கேள்விக்கு உறுதியாக ஆம் என்றவர்கள் 63 சதவீதம். பேராசிரியர்கள் தன்னை ஒரு மனிதராக நினைத்து அக்கறை காட்டினார்கள் என்றவர்கள் 27 சதவீதம். கனவுகளைத் தொடர ஊக்கம் கொடுத்த வழிகாட்டி ஒருவர் இருந்தார் என்றவர்கள் 22 சதவீதம். மூன்றுமே கிடைத்தவர்கள் 14 சதவீதம்தான். அந்த 14 சதவீதத்தினர் பிற்பாடு வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எந்த வகைக் கல்லூரியில் படித்தார்கள் என்பது இந்த அளவுக்கு வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. எந்தக் கல்லூரி, என்ன தரவரிசை என்று ஒவ்வொரு வருடமும் இவ்வளவு பேசுகிறோமே, அங்கே நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர் ஒருவர் இருப்பாரா என்று யாராவது விசாரிக்கிறோமா?

அடுத்து, பரிந்துரைக் கடிதங்கள். இதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும் மாணவர்கள் பேராசிரியர்களிடம் பரிந்துரை கேட்கிறார்கள். ஒரே மாணவர் ஏழெட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பார், ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிப் படிவம், "இந்த மாணவரை எத்தனை வருடமாக அறிவீர்கள்" என்று ஆரம்பித்துப் பத்துக் கேள்வி, கடைசித் தேதி எல்லாம் ஒரே வாரத்தில். ஆசிரியர் இதை வகுப்பு நேரத்தில் செய்ய முடியாது, வீட்டில் ராத்திரி உட்கார்ந்துதான் செய்கிறார். இதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் கணக்கில் எடுப்பதும் கிடையாது. சரி, அதைச் செய்வது தன் கடமை என்றே அவர்கள் நினைக்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் யாரும் இதற்காக அலுத்துக்கொண்டது இல்லை. அவர்களுக்கு வருத்தம் தருவது வேறு. விண்ணப்பம் போட்ட பிள்ளை அதன்பிறகு எதுவுமே சொல்வதில்லை. பல மாதம் கழித்து வேறு யாரையாவது பார்க்கும்போது "அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சுதா, உனக்குத் தெரியுமா?" என்று அவர்களே கேட்க வேண்டியிருக்கிறது. என்னிடமே அப்படி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வரி போதும்: கிடைத்தது, அல்லது கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்த முறை எங்கே முயற்சி செய்யலாம் என்று யோசிக்க அவர்கள் தயாராகத்தான் இருப்பார்கள்.

பரிந்துரை என்றதும் எனக்கு உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வருகிறார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்து அமர்த்திவிட்டுப் போனார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள். சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வின் நீண்ட உழைப்பு அந்தக் கல்லூரி வேலையில் இருந்தபோதுதான் தொடங்கியது. அந்த உதவியை அவர் எப்படி நினைவில் வைத்துக்கொண்டார் தெரியுமா? பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணிப் பக்கம் தனக்கு ஒரு வீடு அமைந்தபோது அதற்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். தினமும் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் பெயர்தான் கண்ணில் படும். தன் குருவான பிள்ளையவர்களுக்கு அவர் செய்தது இன்னும் பெரிது. பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். அவருடைய வாழ்க்கை வரலாற்றை உ.வே.சா. இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டது 1933, 1934இல், அதாவது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயதில். ஆசிரியர் எப்படிப் பாடம் சொன்னார், எங்கெங்கே போனார், யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், கையில் காசில்லாத நாட்களை எப்படிக் கழித்தார் என்று அவ்வளவு விவரம் அதில் இருக்கிறது. வெறுமனே "என் குரு மிகப் பெரியவர்" என்று எழுதி முடித்திருந்தால் இன்று பிள்ளையவர்களை நமக்கு இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது.

அப்துஸ் சலாம் செய்ததும் மறக்கக் கூடாதது. 1979இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிறகு, லாகூரில் தனக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் அனிலேந்திர கங்குலி எங்கே இருக்கிறார் என்று தேடினார். தேசப் பிரிவினைக்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தார். 1981இல் கல்கத்தாவில் அவர் வீட்டுக்கே சலாம் போனார். முதுமையில் தளர்ந்து படுக்கையில் இருந்த ஆசிரியரிடம் பதக்கத்தைக் கொடுத்து, கணிதத்தின் மேல் நீங்கள் எனக்கு உண்டாக்கிய பிரியத்தால் வந்தது இது என்று சொன்னார். நடுவில் ஒரு எல்லைக்கோடு, முப்பது வருடங்களுக்கு மேல் இடைவெளி. நமக்கோ பெரும்பாலும் அவருடைய தொலைபேசி எண்ணைத் துறை அலுவலகத்தில் கேட்டால் கிடைத்துவிடும்.

நன்றி என்ற பெயரில் நடக்கும் சில விஷயங்கள் எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிவு வருவதற்கு முன்னால் பரிசுப்பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது நன்றி ஆகாது, நல்ல ஆசிரியருக்கு அது தர்மசங்கடம். மதிப்பெண் எல்லாம் வந்து, அவரிடமிருந்து உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்ற நிலையில் எழுதுங்கள், அதற்குத்தான் மதிப்பு. அதேபோல, நன்றியை மாணவனிடம் கேட்டு வாங்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது. முக்கியமாக ஆய்வு மாணவர்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் நெறியாளர் என்பதால், அவர் சொந்த வேலைகளைச் செய்துகொடுப்பதும், அவமானங்களைப் பொறுத்துக்கொள்வதும், செய்யாத உதவிக்கு நன்றியுரைப் பக்கத்தில் புகழ்ந்து எழுதுவதும் சில இடங்களில் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் மேல் புகார் கொடுக்கிற மாணவரைப் பார்த்து "குருவுக்கு நன்றி இல்லாதவன்" என்று சொல்வது அநியாயம். மோசமானவர்களைச் சகித்துக்கொள்ளச் சொல்லி நல்லவர்களின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. உண்மையாக மாணவர்களுக்காக உழைத்த ஆசிரியர்கள் இதைக் கேட்டால் அவர்களுக்கும் கோபம்தான் வரும்.

பிறகு, தற்காலிகமாகவும் பகுதி நேரமாகவும் கற்பிப்பவர்கள். பல நாடுகளில் இப்போது பல்கலைக்கழக வகுப்புகளில் கணிசமானவற்றை எடுப்பது இவர்கள்தான். அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று தெரியாது, உட்காரச் சொந்தமாக ஒரு மேசை இருக்காது, மாணவர் சந்தேகம் கேட்டால் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே சொல்லிக்கொடுப்பார்கள். மாணவர்கள் பிரியும்போது துறைத்தலைவர் பெயரும் மூத்த பேராசிரியர்கள் பெயரும் ஞாபகமாகச் சொல்லப்படும், இவர்கள் விட்டுப்போவார்கள். மாணவர் எழுதிய கடிதம் ஒன்று கையில் இருப்பது இவர்களுக்கு மனநிறைவு மட்டும் இல்லை, அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எடுத்துக் காட்டவும் உதவும். பருவ முடிவில் நிரப்புகிற மதிப்பீட்டுப் படிவம் இதைச் செய்யாது. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம், பெரும்பாலும் தேர்வு அவசரத்தில், பேர் சொல்லாமல். அதைப் படிக்கிறவருக்கு நாலரை என்ற சராசரி தெரியும். தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து சந்தேகம் தீர்த்தவர் இவர் என்பது தெரியாது.

அதனால் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை. நீளமாக எழுத வேண்டாம். எந்த வருடம், எந்தப் பாடம், நீங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுங்கள், அவருக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள். "நீங்கள் சிறந்த ஆசிரியர், எங்களுக்கு வழிகாட்டி" என்பதை எல்லோரும் எழுதுவார்கள், அது தீபாவளி வாழ்த்து அட்டை மாதிரி யாருக்கும் பொருந்தும். அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். எந்த வகுப்பில் என்ன சொன்னார், எந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து தன் பெயரில் எடுத்துக் கொடுத்தார், நீங்கள் தோற்ற தாளுக்கு மறுபடி படிக்க எப்படி உட்காரவைத்தார். அது இன்றைக்கு உங்கள் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று இரண்டு வரி. அவர் இன்னும் பணியில் இருந்தால், அவர் சம்மதித்தால், துறைத்தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியர் தினத்தன்று எல்லோருக்கும் போகிற பூப்படத்தைவிட, சாதாரண ஒரு நாளில் வருகிற நாலு வரி மின்னஞ்சல் எவ்வளவோ மேல். தபாலில் போட்டால் இன்னும் நல்லது, எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பல்கலைக்கழகங்களும் ஒன்று செய்யலாம். பட்டமளிப்புக்குப் பதிவு செய்யும்போது எத்தனையோ விவரங்களைக் கேட்கிறார்கள். அதிலேயே, விருப்பம் உள்ளவர்களுக்காக ஒரு இடம் விட்டு, உங்களுக்கு உதவிய ஆசிரியர் ஒருவரின் பெயர், அவர் செய்தது என்ன என்று கேட்கலாம். வந்ததை அப்படியே அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிட வேண்டும். இதை வைத்து விருது, தரவரிசை என்று எதையும் ஆரம்பித்துவிடக் கூடாது, ஆரம்பித்தால் வாக்கு சேகரிப்பதில் போய் முடியும். கடிதம் உரியவர் கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைக்கூட, சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது, ஆய்வகத்தில் ராத்திரி வரை கூட இருந்து கருவிகளைச் சரிசெய்து கொடுத்த உதவியாளருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது. ஆமாம், அவரும் நமக்குக் கற்பித்தவர்தான், அவருக்கும் எழுதுங்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. வாரத்துக்கு ஒரு நாள், வாசகர் கடிதப் பகுதியிலேயே ஒரு சின்ன இடம் ஒதுக்கிக்கொடுங்கள். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவருடைய மாணவர் எழுதும் 150 சொற்கள். நிறுவனத்தின் பெயர் அவசியம் இல்லை, ஆசிரியரின் பெயரை அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் போடலாம். பதவியும் விருதும் பட்டியலிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவர் செய்த ஒரே ஒரு காரியம் அதில் இருந்தால் போதும் என்று நிபந்தனை வையுங்கள். வெளிவந்த பக்கத்தை அந்த ஆசிரியருக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை எழுதியவரே ஏற்றுக்கொள்ள வேண்டும். பென்சிலால் என் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தவருக்கு என் கடிதம் போன மாதமே போய்விட்டது, அதனால் நான் அந்த மேடத்தைப் பற்றி எழுதி அனுப்புகிறேன். நீங்கள் இடம் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் அவருக்கு ஒரு பிரதி போகும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி